றியாத்தில் அடக்கியது

என் மாமாவுக்குத் 'தரையிறக்குவது' என்ற சொல் வாயில் வராது. அவருக்கு எல்லாமே அடக்குவதுதான். "மூக்க அடக்கு, வேகத்த அடக்கு, இப்ப மெதுவா கீழ அடக்கு" என்று பக்கத்தில் இருந்து சொல்லிக்கொண்டே இருப்பார். விமானம் உடையாமல் ஓடுபாதையில் ஓடி நின்றுவிட்டால், "அடக்கிட்டம் புள்ள!" என்று மேசையில் ஓங்கித் தட்டுவார். தேத்தண்ணிக் கோப்பையும் சேர்ந்து துள்ளும்.

விமானம் என்றால் உண்மையான விமானம் இல்லை, கொம்பியூட்டர் விளையாட்டில் பறக்கிற விமானம். மாமா உம்மாவின் தம்பி. தொண்ணூறுகளின் கடைசியில் கொழும்புக்குக் கொம்பியூட்டர் படிக்கப் போனவர், சான்றிதழுக்குப் பதிலாக ஒரு பழைய கொம்பியூட்டரோடு எங்கள் ஊரான சாய்ந்தமருதுக்குத் திரும்பி வந்தார். பகலில் பிரதான வீதியில், வெளிநாட்டுக் கோல் எடுக்கிற கொமினிகேஷன் கடையில் வேலை. பின்னேரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் அவர் விமானி. பணக்காரர்கள் தொழில் விசயமாகப் பறக்கிற சின்ன ஜெட் ஒன்று அந்தப் பெட்டிக்குள் இருந்தது. ஏழெட்டுப் பேர்தான் ஏறலாம். பெரிய பிளேன்களும் அதில் இருந்தன. மாமா அவற்றைத் தொடமாட்டார். "நம்மட குடும்பத்துக்கு இது காணும்" என்பார்.

வாப்பா றியாத்தில் லொறி ஓட்டினார். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு மாமாவின் கடைக்குக் கோல் எடுப்பார். உம்மா கதைத்து முடித்ததும் றிசீவர் என் கைக்கு வரும். நான் கேட்பது ஒரே கேள்விதான்: எப்ப வாறீங்க? வாப்பா சிரித்துக்கொண்டு, "பிளேன் கிடைக்கல்லியே மகள்" என்பார். வேலைக்கு வைத்திருந்தவர் பாஸ்போட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு தரவில்லை என்பதை ஆறு வயதுப் பிள்ளைக்கு வேறு எப்படிச் சொல்வது? நான் அதை அப்படியே நம்பினேன். பிளேன்தான் பிரச்சினை என்றால் அது எங்கள் முன்னறையில் சும்மாதானே கிடக்கிறது!

அடுத்த வெள்ளிக்கிழமை, நானே பிளேன் கொண்டு வருகிறேன் என்று வாப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர், "உடைக்காம கொண்டு வா மகள். நான் பேக்கோட நிக்கன்" என்றார்.

அதன் பிறகு எனக்குச் சோறு தண்ணி நினைப்பு இல்லை. சின்ன பிளேன் என்பதால் ஒரே மூச்சில் றியாத்துக்குப் போகாது. கட்டுநாயக்க விமான நிலையத்தில் கிளம்பி, பம்பாயில் ஒருமுறை, மஸ்கட்டில் ஒருமுறை எண்ணெய் அடிக்க வேண்டும். நான் பம்பாய்க்குப் போகாமலே எத்தனையோ தடவை கடலில் விழுந்தேன். விழாமல் போன நாட்களில் எங்கள் ஊரில் கரண்ட் போய்விடும். அரபிக் கடலுக்கு மேலே போய்க்கொண்டிருந்த பிளேனும் அதோடு போய்விடும். மாமா சலிக்கவே மாட்டார். ஒருவழியாக மஸ்கட்டில் அடக்கி, பிளேனை அங்கேயே நிறுத்தி வைத்தோம். இனி ஒரே ஒரு பறப்புத்தான் பாக்கி.

மறுநாள் மாமா கடையை நேரத்தோடு பூட்டிவிட்டு வந்தார். கூடவே பள்ளிவாசல் ஆட்களும் வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் வீடு நிறைந்துவிட்டது. உம்மாவுக்கு வெள்ளைச் சீலை உடுத்தி உள்ளறையில் இருத்தினார்கள். எனக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பார்ப்பவர்கள் எல்லாம் தலையைத் தடவிவிட்டு அப்பால் போனார்கள்.

யன்னலோரம் நின்ற பக்கத்து வீட்டுப் பெண் இன்னொருத்தியிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

"இஞ்ச கொண்டு வரல்லியாமா கா?"

"இல்ல கா. அங்கயே அடக்கிட்டாங்களாம்."

மௌத்தானவரைக் கபுறுக் குழியில் வைப்பதை எங்கள் ஊரில் அடக்குவது என்பார்கள். அந்தச் சொல்லை நான் அதுவரை மாமாவின் வாயில் மட்டும்தான் கேட்டிருந்தேன். எனக்கு விசயம் விளங்கிவிட்டது. வாப்பாவுக்குப் பிளேன் கிடைத்திருக்கிறது. ஆனால் இங்கே கொண்டு வராமல் அங்கேயே அடக்கிவிட்டார்கள். உம்மா அழாமல் என்ன செய்வார்? ஓடிப்போய் மாமாவின் சாரத்தைப் பிடித்தேன்.

"மாமா, வாப்பாவ அங்கயே அடக்கிட்டாங்களாமே. நல்லா அடக்கினாங்களா?"

மாமா என் முன்னால் குந்தினார்.

"ஓம் புள்ள" என்றார். "நல்லா அடக்கினாங்களாம்."

"அப்ப நாம போய்க் கூட்டிட்டு வருவம்."

உள்ளே குர்ஆனில் யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். மாமா என்னைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போய்க் கொம்பியூட்டரைப் போட்டார். மௌத்து வீட்டில் இது என்ன விளையாட்டு என்று யாரோ பெரியவர் கோபமாகக் கேட்டார். மாமா திரும்பிப் பார்க்கவில்லை.

மஸ்கட்டில் இருந்து நான்தான் ஓட்டினேன். மாமா அன்றைக்கு மூக்கை அடக்கு என்றும் சொல்லவில்லை, வேகத்தை அடக்கு என்றும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு றியாத்தில் இறக்கினேன். சக்கரம் பட்டது, ஓடியது, நின்றது. ஒரு கீறல் இல்லை. மாமா மேசையில் தட்டவில்லை. திரையில் ஒரு சாம்பல் நிற ஓடுபாதையும் சில கட்டடங்களும் தெரிந்தன. ஆட்கள் ஒருவரும் இல்லை.

"வாப்பா எங்க மாமா?"

மாமா முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். இப்போது எனக்கு வாப்பாவின் வயதாகிவிட்டது. பெயர் எழுதாத அந்தக் கபுறை எங்கள் வீட்டில் ஒருவரும் இன்றுவரை கண்டதில்லை. வாப்பா கிடக்கிற ஊரில் நான் போய் இறங்கியது அந்த ஒரு தடவைதான்.

அன்றைக்கோ, வாப்பா பேக்கைத் தூக்கிக்கொண்டு வர நேரமாகும் என்று நினைத்து, அதற்குள் செய்தியைச் சொல்ல உள்ளறைக்கு ஓடினேன்.

"உம்மா, அழாதீங்க. நானும் அங்கயே அடக்கிட்டன்."

ஓதிக்கொண்டிருந்த குரல்கள் நின்றுபோயின. உம்மா என்னை இழுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்து, வாய்விட்டு அழுதார். சந்தோசத்தில் அழுகிறார் என்றுதான் நினைத்தேன். திரும்பி வரும்போது யன்னலோரச் சீட்டை உம்மாவுக்குக் கொடுப்பதா வாப்பாவுக்குக் கொடுப்பதா என்று யோசித்துக்கொண்டு, அவர் மடியிலேயே கிடந்தேன்.