பரங்கிமலையில் நிற்காத வண்டி

ஸ்டெல்லா பாஸ். நான் பெயில்.

சுற்றி வளைக்காமல் முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். போன வாரம் ரிசல்ட் வந்தது. நம் ஊரில் படித்த டாக்டர்கள் அமெரிக்காவில் வேலை பார்க்க வேண்டுமானால் தாண்டியாக வேண்டிய பரீட்சை. எழுதப் போகிறேன், பாஸ் பண்ணப் போகிறேன் என்று இந்தப் பத்திரிகையில் இதே பக்கத்தில் நான் வாராவாரம் பீற்றிக்கொண்டது உங்களுக்கு மறந்திருக்காது. மறந்திருந்தால் நல்லது.

பீற்றிக்கொள்வதில் என்ன தப்பு? தாம்பரத்தை ஒட்டிய இரும்புலியூரில் என் அப்பாவுக்கு சைக்கிள் கடை. கடை போர்டில் இருக்கும் எழுத்து, நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது எழுதியது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அப்படிப்பட்டவள் டாக்டரானால் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடப்பாள்.

பரீட்சையில் பாதி, எம்.பி.பி.எஸ். முதல் வருஷத்துப் பாடம். எந்த நரம்பு எங்கே போகிறது, எந்தச் சுரப்பி என்ன சுரக்கிறது... இதெல்லாம் முதல் வருஷம் மனப்பாடம் செய்து, பரீட்சை எழுதி, அன்று சாயங்காலமே மறந்து போக வேண்டிய சமாசாரங்கள். நான் இப்போது வேலை பார்ப்பது பிரசவ வார்டில். அங்கே வலியில் துடிக்கும் எந்தப் பெண்ணும் என்னிடம் நாலாவது நரம்பின் பெயரைக் கேட்டதில்லை.

போதாததற்கு, கேள்வி கேட்கும் விதமே வேறு. நமக்கு 'விவரித்து எழுதுக' என்றால் பக்கம் பக்கமாக எழுதத் தெரியும். தெரியாததைக்கூட நாலு பக்கம் எழுதலாம். இவர்களோ ஐந்து பதிலை அவர்களே அச்சடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். ஒன்றில் பென்சிலால் கோடு இழுக்க வேண்டும். அவ்வளவுதான். கையெழுத்து அழகாக இருந்து என்ன பிரயோஜனம்?

ஸ்டெல்லா என்னோடு படித்தவள், என்னோடு வேலை பார்ப்பவள், வீடு சானடோரியத்தில். நான் தாம்பரத்தில் ஏறுவேன், அவள் அடுத்த ஸ்டேஷனில் ஏறுவாள். லேடீஸ் பெட்டியில் எங்களுக்கென்று ஒரு ஜன்னல். அங்கேதான் படிப்பு.

மூளையிலிருந்து கிளம்பும் நரம்புகள் பன்னிரண்டு. தாம்பரத்திலிருந்து எண்ணினால் சேத்துப்பட்டு பன்னிரண்டாவது ஸ்டேஷன். அதற்கடுத்த எழும்பூரில்தான் பரீட்சை ஹால்! ஸ்டேஷனுக்கு ஒரு நரம்பு என்று பங்கு போட்டுவிட்டோம். வண்டி நிற்கும் அந்த அரை நிமிஷத்துக்குள் அந்த நரம்பின் ஜாதகம் முழுக்க ஒப்பிக்க வேண்டும்.

முதல் நாளே தகராறு.

"நான் சானடோரியத்துலதான ஏறுறேன்? ஒண்ணாம் நம்பர் அதுதான்" என்றாள் ஸ்டெல்லா.

"வண்டி கிளம்புறது தாம்பரத்துல. நீ ஏறுற இடத்துலேருந்து எல்லாம் உலகம் ஆரம்பிக்காது."

"முதல் நரம்பு வாசனைக்குத்தாண்டி. குரோம்பேட்டையில அடிக்கிற தோல் பதனிடுற நாத்தத்துக்கு, அங்கேருந்து ஆரம்பிச்சாக்கூட நியாயம்."

தாம்பரம்தான் ஜெயித்தது. குரோம்பேட்டை, பல்லாவரம், பரங்கிமலை மூன்றும் கண்ணை அசைக்கிற நரம்புகள். நடுவில் மீனம்பாக்கம், அது முகத்தில் சுரணைக்கும் பல்வலிக்கும். ஆனால் அங்கே பாதி நாள் நாங்கள் நரம்பை விட்டுவிட்டு விமானத்தைத்தான் பார்ப்போம். கிண்டி, முகத்தை அசைக்கிற நரம்பு. குதிரைப் பந்தயத்தில் தோற்று வருகிறவர்கள் முகத்தைப் பார்த்தால் மறக்காது. உடம்பெல்லாம் சுற்றி வருகிற பத்தாவது நரம்பு கோடம்பாக்கத்துக்கு வாய்த்தது. சினிமாக்காரர்கள் ஊர்... பொருத்தம்தானே?

எதிர் சீட்டில் மாம்பலம் போகிற பூக்காரி கன்னியம்மா உட்கார்ந்திருப்பாள். "இன்னா டாக்டரம்மா, டேசனு வந்தா வாய தொறக்கிறீங்க, வண்டி எட்தா மூடிக்கிறீங்க? ரெண்டு பேரும் பெட்டிய பேஜார் பண்ணிகினு கீறீங்க" என்பாள். எங்கள் படிப்பு அவளுக்கு ஒரு நல்ல பொழுதுபோக்கு.

பரீட்சை நாள் காலை. தாம்பரத்தில் எலெக்ட்ரிக் வண்டி இல்லை. கரண்ட் கோளாறாம். எப்போது வரும் என்று கேட்டால், "வரும்" என்றார்கள். அந்த நேரம் பார்த்து விழுப்புரத்திலிருந்து வருகிற பாசஞ்சர் வந்து நின்றது. தாம்பரம் விட்டால் மாம்பலம், மாம்பலம் விட்டால் எழும்பூர். ஏறிவிட்டேன். நீங்களாக இருந்தாலும் ஏறியிருப்பீர்கள்.

சானடோரியம் பிளாட்பாரத்தில் குடையும் கையுமாக ஸ்டெல்லா நின்றிருந்தாள். வண்டி நிற்கவில்லை. நான் கையை ஆட்டினேன். அவள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள்.

பெட்டியில் நிற்க மட்டும்தான் இடம். மூட்டைகள், கோழிக்கூடைகள். என் முகம் யாரோ ஒருவருடைய டிரங்குப் பெட்டிக்கு எதிரே. குரோம்பேட்டை போனது, பல்லாவரம் போனது... எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஒப்பிக்கலாம் என்று பார்த்தால், வண்டி நிற்கவில்லையே!

ஹாலுக்கு முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தேன். ஸ்டெல்லா கதவு சாத்தும் நேரத்துக்கு மூச்சிரைக்க வந்தாள். பாவம், தேற மாட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் அந்தக் கேள்வி வந்தது. நோயாளியின் வலது கண் வெளிப்பக்கம் திரும்பவில்லை. பழுதான நரம்பு எது? மனசுக்குள் தாம்பரத்தில் ஏறினேன். சானடோரியம்... குடையோடு ஸ்டெல்லா. அதற்கப்புறம் நேராக மாம்பலம்! திரும்ப வந்து ஏறினேன். மறுபடி மாம்பலம். பல்லாவரம் என்று கோடு இழுத்தேன், அழித்தேன், குரோம்பேட்டை என்று இழுத்தேன், அதையும் அழித்தேன். காகிதம் கிழிந்தது. ஒரு கேள்வியில் யாரும் பெயிலாவதில்லை. ஆனால் அதிலேயே நின்றவளுக்கு அடுத்த பக்கங்களில் நேரம் போதவில்லை. தெரிந்த கேள்விகளுக்குக்கூடப் படிக்காமலே கோடு இழுத்துத் தள்ளினேன்.

ரிசல்ட் வந்த அன்று ஸ்டெல்லாவிடம் கேட்டேன், "அந்தக் கண்ணு கேள்விக்கு என்ன போட்ட?"

"ஆறு. பரங்கிமலை."

"எப்படி?"

"என்னடி கேள்வி இது? தினமும் உன் முன்னாடிதான பண்றேன்?"

செய்து காட்டினாள். தினமும் பரங்கிமலையில் வண்டி நின்றதும், மலை மேலே இருக்கும் மாதா கோயிலை நினைத்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வாள். என்னோடு பேசிக்கொண்டே போடுவதால் தலையைத் திருப்ப மாட்டாள். கண்ணை மட்டும் ஓரத்துக்கு, வெளிப்பக்கம், மலைக்குக் கொண்டுபோவாள். அதுதான் ஆறாவது நரம்பின் வேலை. அன்று அவள் வந்த எலெக்ட்ரிக் வண்டி பரங்கிமலையில் கூடுதலாகவே நின்றதாம். கூடுதலாகவே சிலுவை போட்டாளாம்.

"என்னை பிளாட்பாரத்துல விட்டுட்டுப் பறந்தியே... அதான்!" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "திரும்ப எழுத வுடுவாங்களா?"

"விடுவாங்கப்பா."

"அப்ப சரி. கடைக்கு வர்றவங்ககிட்ட இன்னும் ரிசல்ட் வரலன்னு சொல்லி வச்சிருக்கேன். நீ பாட்டுக்கு அத பத்திரிகையில எழுதிடாத."

அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. கடைக்கு வருகிறவர்களுக்குத் தெரியும். என்ன செய்ய... பாஸ் பண்ணப் போவதாக அச்சில் சொன்னவள், பெயிலையும் அச்சில்தானே சொல்ல வேண்டும்?

ஒன்று புரிந்தது. நாம் படித்ததெல்லாம் தலைக்குள் இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். பாதி வெளியேதான் கிடக்கிறது — ஒரு ஜன்னலில், ஒரு மலையில், எதிரே உட்காருகிற ஆளின் கண்ணில். அந்த வழியாகப் போனால்தான் அது கைக்கு வரும்.

ஸ்டெல்லா பாஸ்போர்ட்டுக்காக அலைகிறாள், லீவு போட்டிருக்கிறாள். நேற்று ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்திருந்தேன். பரங்கிமலை வந்தது.

"இன்னா, வாய மூடிக்கினு குந்திகினு கீறே? டேசனு வந்துச்சில்ல!" என்றாள் கன்னியம்மா.

தலையைத் திருப்பாமல், கண்ணை மட்டும் மலைக்குக் கொண்டுபோனேன். ஆறாவது நரம்பின் ஜாதகம் முழுவதையும், எனக்குக் கேட்கிற அளவுக்கு, ஒப்பித்தேன். வண்டி கிளம்பும்போது முடிந்துவிட்டது.

அடுத்த பரீட்சை ஆறு மாதம் கழித்து. அன்று பாசஞ்சர் காலியாகவே வந்து நின்றாலும் நான் ஏறுவதாக இல்லை.