ரோசரியின் சனிக்கிழமை

திருச்சியில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்த ரோசரி, 1978இல் ஒரு சனிக்கிழமை, அரைநாள் வேலை முடிந்ததும் சத்திரம் பேருந்து நிலையம் அருகே ஒரு சின்ன ஓட்டலுக்குத் தனியாகப் போனாள். முன்கூடத்தில் இருந்த ஆண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சர்வர் ஓடி வந்தார். "பேமிலி ரூம் உள்ள இருக்குங்கம்மா."

"பேமிலி வரலைங்க, நான் மட்டும்தான். அங்க காத்தே வராது. சூடா பூரி கொண்டாங்க."

கல்லாவில் இருந்த முதலாளி சர்வரைப் பார்த்து, சரி என்று தலையசைத்தார். ரோசரி நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு, பெஞ்ச் டிக்கெட்டில் மேட்னி பார்த்துவிட்டு, லால்குடியில் இருந்த வீட்டுக்கு பஸ் ஏறினாள்.

திங்களன்று ஆபீஸ் தோழி அரவிந்தவல்லி கேட்டாள்: "பயமா இல்லையாடி?"

"பசிதான் இருந்துச்சு. அடுத்த வாரம் நீயும் வா."

அவளும் வந்தாள். அடுத்த வருஷத்துக்குள், எந்தப் படத்துக்குப் போவது என்று சனிக்கிழமைதோறும் அந்த ஓட்டலில் நாலு பெண்கள் சத்தமாகச் சண்டை போட்டார்கள்.