பூதக்கண்ணாடி பார்த்த பெட்டி

சின்ன மருமகள் அந்தப் பெயரை முதன்முதலில் கேட்டது கல்யாணமான புதிதில், அடுப்படியில். மாமியார் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, "பூதக்கண்ணாடி வருது. காதுல கிடக்கிறதக் கழட்டி உள்ள வைம்மா" என்றார். யாரோ கண் மங்கிய கிழவி என்று இவள் நினைத்துக்கொண்டாள். வந்தது மாமியார் பெற்ற மூத்த மகள். அந்த வயிற்றில் பிறந்தது நாலு. மூத்தது இவர், நடுவில் இரண்டு ஆண், கடைக்குட்டிதான் சின்ன மருமகளின் வீட்டுக்காரர். நாத்தனார் உட்காரும் முன்பே கைப்பையிலிருந்து ஒரு லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்தார். புதுப்பெண் கழற்ற மறந்த தோட்டைப் பார்த்து, "கல்லு நல்ல கல்லு. கட்டினவன்தான் அவசரக்காரன்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

அந்தக் கண் சும்மா வந்ததல்ல. கட்டட வரைபட அலுவலகத்தில், மற்றவர்கள் பென்சிலில் போட்டதன் மேல் மெல்லிய துணியை விரித்து மையால் நகல் எடுக்கிற வேலை அவருக்கு. மயிரிழை பிசகினாலும் முதலிலிருந்து போட வேண்டும். கணினி வந்ததும், "எனக்கும் ஓய்வு, பேனாவுக்கும் ஓய்வு" என்று சிரித்துக்கொண்டே வெளியே வந்தவர், அடுத்த ஞாயிறே பழைய சாமான் விற்கிற தெருவுக்குப் போனார். அன்றிலிருந்து அதுதான் அவர் தொழில். பழைய வரைகருவிப் பெட்டி எங்கே கிடந்தாலும் எடுத்துப் பார்த்து, இன்னது, இவ்வளவு பெறும் என்று சொல்வார். "வீட்ல அவ இன்னும் விலை பார்க்காத பழைய சாமான் நான் ஒருத்தன்தான்" என்பார் அவர் கணவர்.

பார்க்கிற விதமே தனி. பெட்டியைத் திறந்ததும் மினுமினுப்பைப் பார்க்க மாட்டார். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து எடை பார்ப்பார். ஓரங்களைத் திருப்புவார். பித்தளைக்கு முலாம் பூசியதென்றால் மூலையில் மஞ்சள் எட்டிப் பார்க்கும். கவராயத்தின் காலைக் கழற்றி, காலிலும் அது நுழைகிற குழியிலும் குத்தியிருக்கிற புள்ளிகள் ஒத்துப்போகின்றனவா என்று லென்ஸில் பார்ப்பார். நல்ல பட்டறைக்காரன் எந்தக் கால் எந்தக் கவராயத்துக்கு என்று அப்படித்தான் அடையாளம் வைப்பானாம். கடைசியில் வெல்வெட் பள்ளங்களில் எல்லாவற்றையும் படுக்க வைப்பார். ஒன்று ஆடினாலும் போச்சு, அது வேறு பெட்டியிலிருந்து வந்தது.

முகத்துக்காக ஒரு வார்த்தை கூட்டிச் சொல்ல அவருக்கு வராது. நடுத்தம்பி ஆசைப்பட்டுப் பெரிய விலை கொடுத்து ஒரு பெட்டி வாங்கி வந்து, அக்கா மெச்சுவார் என்று காத்து நின்றபோது, "வீடு ஒண்ணுடா. குடியிருக்கிறது மூணு வீட்டுப் பிள்ளைங்க" என்று மூடிக் கொடுத்துவிட்டார். அவன் ரொம்ப நாள் அக்கா வீட்டுப் பக்கமே போகவில்லை.

இதனால்தான் சின்ன மருமகள் தன்னிடம் இருந்த பெட்டியை வெளியே எடுக்கவேயில்லை. அது அவள் அப்பாவினுடையது. கல்யாணம் பேசும்போது, நீர்வழங்கல் அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவர் என்றுதான் சொன்னார்கள். கல்யாணமான வருஷமே அவர் போய்ச் சேர்ந்தார். பிறகு வீட்டுக்காரரின் சித்தப்பா ஒருவர், "அவரா? படச் சுருளைக் கக்கத்துல வச்சுக்கிட்டு மாடிக்கும் கீழுக்கும் நடப்பாரே, பார்த்திருக்கேன்" என்று சொல்லி வைத்தார். அவ்வளவுதான். வீட்டில் எது தூக்க வேண்டியிருந்தாலும், "சுருள்தூக்கி மகளைக் கூப்பிடு, பரம்பரைத் தொழில்" என்பார் வீட்டுக்காரர். எல்லாரும் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள். ஆனால் அப்பா கோடு போட்டவர்தான் என்று சொல்ல அவளிடம் அந்தப் பெட்டியைத் தவிர ஒன்றும் கிடையாது. அதையும் பூதக்கண்ணாடி ஒரு வார்த்தையில் தள்ளிவிட்டால்?

வீட்டுக்கு வெள்ளையடித்தபோது பரணிலிருந்து பெட்டி இறங்கியது.

"அட, மாமனார் சொத்து! ஞாயித்துக்கிழமை அக்கா வருவா. அவகிட்டயே கேட்டுருவோம்" என்றார் வீட்டுக்காரர்.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் கதவைச் சாத்திக்கொண்டு பல்பொடி போட்டு அத்தனையையும் தேய்த்தாள். கறுத்திருந்ததெல்லாம் பளபளவென்று ஆகிவிட்டது.

மறுநாள் பூதக்கண்ணாடி பெட்டியைத் திறந்தார், முகத்தைச் சுளித்தார்.

"இதுல பல்லு விளக்கினது யாரு?"

"நான்தான் அண்ணி. அழுக்கா இருந்துச்சு..."

"அழுக்கு இல்லடி, அது வயசு. வாங்குறவன் அதுக்குத்தான் காசு குடுப்பான். நல்லா தேய்ச்ச போ."

நாத்தனார் கவராயத்தை நகர்த்தி வைத்தார், அளவுகோலைப் புரட்டி வைத்தார். கடைசியாக மைப்பேனாவை எடுத்தார். இரண்டு எஃகு அலகுகள், அவற்றை நெருக்க ஒரு திருகு, அவ்வளவுதான் அந்தப் பேனா. அதை லென்ஸுக்கு அடியில் வைத்தவர் கீழே வைக்கவேயில்லை. ஜன்னலுக்குப் போனார். திருப்பினார். மறுபடியும் பார்த்தார்.

"அலகு பாதிதான் இருக்கு. சாணைக்கல்லுல தீட்டித் தீட்டியே கரைஞ்சிருக்கு. வருஷக்கணக்கா தினம் கோடு போட்டாத்தான் இப்படி ஆகும்."

"ஏன்க்கா, அவர் செகண்ட் ஹாண்டுல வாங்கியிருக்கலாம்ல? தேய்ச்சவன் வேற எவனோ" என்றார் வீட்டுக்காரர், விடாமல்.

"இருக்கலாம். டேய், இவ அப்பா எந்தக் கையால எழுதுவார்?"

"இடது கை. மறந்துருவேனா? கல்யாணத்தப் பதிவு பண்ணப் போனப்ப மனுஷன் இடது கையால கையெழுத்துப் போட்டாரு. நான் அன்னைக்கே கிண்டல் பண்ணினேனே."

பூதக்கண்ணாடி பேனாவைத் தம்பியின் மூக்குக்கு நேராக நீட்டினார். "கோடு போடுறப்ப பேனா போற பக்கமாச் சாயும். வலது கைக்காரன் இடமிருந்து வலமா இழுப்பான், அவன் பேனா ஒரு ஓரம் தேயும். இது எதிர் ஓரம் தேய்ஞ்சிருக்கு. நானும் எத்தனையோ பெட்டி பார்த்துட்டேன், இந்த மாதிரித் தேய்மானம் இப்பத்தான் கண்ணுல படுது. இது இடக்கைக்காரன் பேனாடா. உன் மாமனார் பேனா. சுருளையும் தூக்கியிருப்பார், யாரு இல்லேன்னா? தான் போட்ட படத்தைத் தானே தூக்கிட்டுப் போறதுல உனக்கு என்ன வந்துச்சு?"

மாமியார், "அப்பவே சொன்னேன்" என்றார். அப்படி அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

"விலை என்ன அண்ணி பெறும்?" என்று கேட்டாள் சின்ன மருமகள்.

"விலையா? கடைக்காரன் எடைக்குத்தான் எடுப்பான். அலகு போச்சு, வயசையும் நீ தேய்ச்சுட்ட. விக்கிறதுக்கு இதுல ஒண்ணும் இல்ல." பேனாவை அதன் பள்ளத்தில் படுக்க வைத்தார். அது ஆடாமல் உட்கார்ந்தது. "ஆனா இவ்வளவு சுத்தமா, ரெண்டு அலகும் ஒரே மட்டமா தீட்ட எனக்கே வந்ததில்ல. தேர்ந்த கைடி உங்க அப்பாவுக்கு."

கல்லு நல்ல கல்லு என்று சொன்ன அதே வாய். ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லத் தெரியாத வாய். சின்ன மருமகள் நிமிர்ந்து உட்கார்ந்து, எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

அதன் பிறகு பெட்டி பரணேறவில்லை. கூடத்து அலமாரியில் திறந்தபடி இருக்கிறது. யார் வந்தாலும் வீட்டுக்காரர்தான் முதலில் எடுத்துக் காட்டுகிறார். "எங்க மாமனாரு. இடது கை. இந்த ஓரத்தப் பாருங்க" என்று, ஏதோ தானே கண்டுபிடித்ததுபோல.

பூதக்கண்ணாடி இப்போது மகள் வீட்டு மாடியறையில் இருக்கிறார். ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, இன்னொன்று பாக்கி. ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய சாமான் தெருவில் இருப்பார்.