அட்டை இல்லாத மலை

கும்மிடிப்பூண்டிக்கு வந்து மூன்று வருடம் ஆகியும் ஒன்று மட்டும் எனக்குப் பழகவில்லை. துவைத்துக் கொடியில் போட்ட சேலை, உலை கொதிப்பதற்குள் காய்ந்துவிடுகிறது. காய்ந்தால் நல்லதுதானே என்பீர்கள். தேயிலைத் தோட்டத்தில் மூன்று நாள் அடுப்புக்கு மேலே தொங்கவிட்டும் ஈரம் போகாத துணியை உடுத்திக்கொண்டு, புகை நாற்றத்தோடு கொழுந்து எடுக்கப் போனவள்தான் நானும். ஆனாலும் வெளியே வந்து தொட்டுப் பார்த்தால் சேலை அப்பளம் மாதிரி மொறமொறவென்று இருக்கிறது. எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு துணிக்குக்கூட இந்த ஊரில் ஈரம் தங்காதா என்று வாய்விட்டே திட்டியிருக்கிறேன். பக்கத்து வீட்டு ரமணம்மா எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, துணியாண்ட சண்டை போட்டுகினு கீற?" என்று கேட்டுச் சிரிப்பாள்.

இதை இலங்கைத் தோட்டத்து லயங்களில், அந்த ஒற்றை வரிசை அறைகளில் இன்னும் இருக்கிற உங்களுக்கும், என்னைப்போலக் கப்பலேறி வந்து இங்கே ஏதோ ஓர் ஆலை வாசலில் நிற்கிறவர்களுக்கும் எழுதுகிறேன். எங்கள் லயத்தில் எட்டாவது வரை படித்தவள் நான் ஒருத்திதான். அத்தனை வீட்டுக் கடிதமும் என் கையால் எழுதியதுதான். அதனாலேயே நான் எழுதினால் அது சத்தியம் என்று ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

என் தம்பி செல்லையா அங்கேயே இருந்தான். இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி இந்தியப் பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகும் போகாமல் இழுத்தடித்துக்கொண்டிருந்தவர்களில் அவனும் ஒருவன். கப்பலில் வந்து இறங்குகிறவர்களை வைக்கிற மண்டபம் முகாமைப் பற்றியும், இங்கே வேலை கிடைக்காமல் அலைந்தவர்களைப் பற்றியும் லயத்தில் ஆளுக்கு ஒரு கதை சொன்னார்கள். அவன் யாரையும் நம்பவில்லை. எனக்கு எழுதிக் கேட்டான். 'அங்கே மலை இருக்கா அக்கா? குளிர்ந்த தண்ணி இருக்கா? நீ வா என்றால் வருகிறேன். வேண்டாம் என்றால் என்ன ஆனாலும் இங்கேயே கிடக்கிறேன்.' பொல்லாத கடிதம். ஒரு குடும்பத்தையே தூக்கி என் மடியில் போட்டுவிட்டான். நானும் யோசிக்காமல், மலையும் இருக்கிறது, ஓடையும் இருக்கிறது, விவரம் பின்னால் எழுதுகிறேன் என்று எழுதிப் போட்டேன். அப்போது நான் இந்தச் சீமையில் ஒரு குன்றைக்கூடக் கிட்டப் போய்ப் பார்த்ததில்லை. பனைமரமும் புகைபோக்கியும்தான் பார்த்திருந்தேன். எழுதியதை எப்படியாவது உண்மையாக்கிவிட வேண்டும் என்று அன்றிலிருந்து மனசு அடித்துக்கொண்டது.

என் வீட்டுக்காரர் காளிமுத்து இரும்புக் கம்பி ஆலையில் உலைப் பக்கம் வேலை பார்க்கிறார். பனியில் பிறந்த மனிதர் நெருப்புக்கு எதிரே எட்டு மணி நேரம் நிற்கிறார். அவரோடு வேலை செய்கிற தேசிங்குதான் ரமணம்மாவின் புருஷன். காணும் பொங்கலுக்கு ஆலை லீவு. ஆந்திர எல்லையில் ஒரு மலை இருக்கிறது, காட்டு வழியே இரண்டு மணி நேரம் ஏறினால் மேலே சுனை, கூட வருகிறீர்களா என்று தேசிங்கு கேட்டார். சோற்று மூட்டை கட்டிக்கொண்டு, வேலை இல்லாமல் மலை ஏறுகிறவர்களை நான் முன்னே பார்த்தது தோட்டத்துத் துரை பங்களாவுக்கு வந்த விருந்தாளிகளில்தான். நமக்கும் அந்த யோகமா என்று கிளம்பிவிட்டேன்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் நான் செய்த முதல் காரியம், ஓரமாக உட்கார்ந்து சேலையை முழங்கால் வரை ஏற்றி, சவுக்காரக் கட்டியை நனைத்து, உப்பும் சேர்த்துக் காலில் கெட்டியாகப் பூசியது. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரத்தம் உறிஞ்சுகிற அட்டைக்குத்தான். காளிமுத்துவும் காலை நீட்டினார், அவருக்கும் பூசிவிட்டேன்.

தேசிங்கு வாயைப் பிளந்துவிட்டார். "இன்னாம்மா இது, ரெண்டு பேரும் சோப்பு பூசிகினு? கல்யாணத்துக்கா போறோம்?"

"அட்டை கடிக்கும்ண்ணே" என்றேன்.

"அட்டையா! இந்தக் காட்ல அட்டைக்கு எங்க போறது? பாம்பு வேணும்னா கீது" என்று ரமணம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. குடிக்கக் கொண்டுபோன தண்ணீர் தவிரக் கழுவ வேறு தண்ணீர் இல்லை. காய்ந்த சவுக்காரத்தோடு நடந்தோம்.

முதலில் முள்ளுக்காடு, பிறகு தண்ணீர் இல்லாத ஓடையும் உருண்டைக் கற்களும். அதைத் தாண்டியதும் வழி செங்குத்தாக ஏறத் தொடங்கியது, நிழலும் வந்தது. அப்போது என் கால்களுக்கு என்னவோ ஆகிவிட்டது. எங்கே மிதிக்க வேண்டும், எந்த வேரைப் பிடிக்க வேண்டும் என்று அவையே பார்த்துக்கொண்டன. தேசிங்கு மூச்சு வாங்கி உட்கார்ந்த இடத்தில் நான் நிற்கவே இல்லை. "மெதுவா போ பிள்ள, பெரட்டுக்கு நேரமாகிருச்சா?" என்று காளிமுத்து கீழேயிருந்து கத்தினார். தோட்டத்தில் விடியற்காலை ஆள் எடுக்கிற பெரட்டைத்தான் சொன்னார். இங்கே வந்த பிறகு அவர் கேலி பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

சுனை இருந்தது. கரும்பாறைக்கு நடுவே, அடி தெரிகிற தண்ணீர். குளிர்ந்த காற்று முகத்தில் பட்டதும் அழுகை வந்துவிட்டது. செல்லையா, நான் பொய் சொல்லவில்லையடா என்று நினைத்துக்கொண்டே இடுப்பளவு இறங்கிவிட்டேன். என்னைச் சுற்றி வெள்ளையாக நுரை கிளம்பியது.

"யார்ம்மா அது! ஏறு மேல! குடிக்கிற தண்ணில சோப்பு காலோட எறங்குறியே, அறிவு கீதா?" பாறைமேல் ஆடு மேய்க்கிற ஒருவர் கோலோடு நின்றிருந்தார். கீழே இருக்கிற குடிசைகளுக்கெல்லாம் அதுதான் குடிதண்ணீராம். "எந்த ஊர்க்காரி நீ?"

தப்பு என்னுடையதுதான், இல்லை என்று சொல்லவில்லை. லயத்தில் குடிதண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் யாராவது கால் கழுவினால் அவர்களைக் கிழித்து எடுத்தவளே நான்தான். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தேசிங்கு கும்பிட்டுக்கொண்டே முன்னால் போனார். "உடு நைனா. சிலோன்காரங்க, பாவம். மலை கிலைலாம் பாத்தது இல்ல. தெரியாம பண்ணிட்டாங்க."

நல்ல மனிதர், எனக்காகத்தான் பேசினார். ஆட்டுக்காரரும் சரி போ என்று கோலைத் தாழ்த்திவிட்டார். ஆனால் அவர் திட்டியபோது வராத வெட்கமும் கோபமும் தேசிங்குவின் இரக்கத்தில் வந்தன. மலையிலேயே பிறந்து, மலையிலேயே பிள்ளை பெற்று, அதையும் அந்த மலையிலேயே புதைத்துவிட்டு வந்தவளுக்கு மலை தெரியாதாம்! அங்கே முப்பது வருடம் கள்ளத்தோணி, உன் ஊருக்குப் போ என்றார்கள். வந்தாயிற்று. இங்கே தண்ணீரை விட்டு ஏறு என்கிறார்கள். சொட்டச் சொட்டக் கரையில் உட்கார்ந்திருந்தேன். கட்டிக்கொண்டு போன சோற்றை நான் பிரிக்கவே இல்லை.

மறுநாள் செல்லையாவுக்கு எழுதினேன். 'மலை இருக்கிறது. இரண்டு மணி நேரம் நடந்தால் சுனை. தண்ணீர் சில்லென்று இருக்கிறது. அட்டை கிடையாது. வா.' ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

காளிமுத்து வாங்கிப் படித்தார். "அங்க நடந்தத எழுதலையே பிள்ள?"

"எழுதினா வருவானா?"

அவர் கடிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். எனக்கு அவன் வேண்டும். இந்த ஊரில் நான் யாரென்று தெரிந்த இன்னொரு ஆள் வேண்டும். அதற்காக அவனை இழுத்தேன். இதைவிட நல்ல காரணம் என்னிடம் இல்லை.

சித்திரை மாதத்து நடுப்பகலில் வந்து இறங்கினான். கைப்பிள்ளையோடு அவன் பெண்சாதி, ஒரு டிரங்குப் பெட்டி. உடம்பில் கம்பளிக் கோட்டு. பிளாட்பாரத்தில் நின்று நாலு பக்கமும் பார்த்தான்.

"மலை எந்தப் பக்கம் அக்கா?"

மேற்கே கையைக் காட்டினேன். கானலில் ஒன்றுமே தெரியவில்லை. அவன் விடாமல் அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நீ எழுதினா இருக்கும்" என்றான். "எல்லாரும் போகாத போகாதன்னாங்க. எங்கக்கா பொய் எழுத மாட்டான்னு சொல்லிட்டுத்தான் கெளம்பி வந்தேன்."

அவன் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தான். நான் தெற்கே, அவன் வந்த தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கழுத்தெல்லாம் வேர்வை ஓடியது.

"கோட்டைக் கழட்டுடா, இங்க குளிராது" என்றேன்.