பச்சைத் தண்ணி

டோரதி மணப்பாறைப் பக்கத்துப் பெண். குடம் தூக்கி வளர்ந்தவள். சொம்புத் தண்ணீரில் அடி தெரிந்தால்தான் குடிப்பாள். அவளைக் கொண்டுபோய்க் கொள்ளிடத்தின் வடகரையில், வீட்டுக்குப் பின்னாலேயே மீன்குட்டை வைத்திருந்த ஸ்தனிஸ்லாஸுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவருக்குக் காந்தி மார்க்கெட் மண்டியில் வேலை. காலையில் சாணியைக் கரைத்துக் குட்டையில் ஊற்றிவிட்டுத்தான் கிளம்புவார். தண்ணீர் கீரைச்சாறு மாதிரி நிற்கும். கல்யாணமாகி முப்பது வருஷத்துக்கு மேலாகியும் டோரதி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

பேத்தி அனிஷா முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு நாள் குறித்தபோது, மகள் பிரான்சியின் மாமனார் மார்ட்டின் முன்னால் ஸ்தனிஸ்லாஸ் வாயை விட்டுவிட்டார். "விருந்துக்குக் கடைமீனே கெடையாது சம்பந்தி. நம்ம குட்டை கட்லாதான்."

சொன்ன வாரமே மார்க்கெட்டில் வழுக்கி விழுந்து கால் முறிந்தது. அரியமங்கலத்தில் மகள் வீட்டில் கட்டுப் போட்டுப் படுத்துவிட்டார். அங்கிருந்து போன்.

"டோரதி, குட்டையில எப்பவும் பச்சைத் தண்ணி நிக்கணும். அத மட்டும் பாத்துக்க."

பச்சைத் தண்ணி என்றால் அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: காய்ச்சாத, எதுவும் கலக்காத வெறும் தண்ணீர். 'இந்த வயசுலயாவது மனுசனுக்குப் புத்தி வந்துச்சே' என்று மாதா படத்துக்கு மெழுகுவத்தி ஏற்றினாள். மோட்டார் வைத்து, இருந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக வாழைக்கு இறைத்து, போர் தண்ணீரை நிரப்பினாள். சாணி கரைப்பதும் நின்றது. குட்டை கண்ணாடியாகிவிட்டது. மீன்கள் மேய்வதை முதல் தடவையாக உட்கார்ந்து பார்த்தாள். நாள் போகப் போக மீன் இளைத்தது. மீனுக்குத் தலை இருந்தது, உடம்பு இல்லை.

விருந்து நெருங்கும்போது ஸ்தனிஸ்லாஸ் கைத்தடியோடு வந்து சேர்ந்தார்.

"என்னடி இது?"

"நீங்க சொன்ன பச்சைத் தண்ணிதான்."

குட்டையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தென்னையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நெறத்தச் சொன்னேன்டி! நீ எறச்சு ஊத்துனது தண்ணியில்ல, மீனுக்கு ஆக்கி வச்ச சோறு. வெயிலத் தின்னு பாசி. பாசியத் தின்னு பொடிப்பூச்சி. பூச்சியத் தின்னு கட்லா."

"அம்புட்டுப் பாசியும் இத்துனூண்டு மீனுக்கா?"

"மார்க்கெட்டு மாதிரிதான், கை மாற மாறக் கொறையும். ஒவ்வொண்ணும் தின்னு ஓடியாடித் தீத்தது போக மிச்சம்தான் அடுத்ததுக்கு. அடியில நெறைய இருந்தாத்தான் மேல கொஞ்சமாச்சும் வரும்."

மறுநாளே பக்கத்து வீட்டு மருதையின் கொட்டிலிலிருந்து டோரதி சாணி சுமந்தாள், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு. தண்ணீர் பச்சையானது. மீனுக்குத்தான் நாள் போதவில்லை.

விருந்தில் மார்ட்டின் ஒரு மீனைத் தூக்கிப் பார்த்தார். "சம்பந்தி, இது கட்லாவா, அயிரையா?"

டோரதியால் தலை நிமிர முடியவில்லை. ஸ்தனிஸ்லாஸ் அசரவில்லை. "பச்சைத் தண்ணியில வளந்தது சம்பந்தி. பத்தியத்துக்கு நல்லது." பந்தியே சிரித்தது. குட்டைத் தண்ணீர் குடித்த வாழை மட்டும் தளதளத்திருந்தது. அன்று இலை நிறைய வாழைக்காய் வறுவல்தான்.

ஸ்தனிஸ்லாஸ் இப்போது இல்லை. டோரதி தினமும் காலையில் குட்டைப் படியிறங்கி, முழங்கை வரை கையை விடுகிறாள். அவர் போட்ட கல்யாண மோதிரம் தண்ணீருக்குள் தெரிந்தால் இன்னும் ஒரு கூடை சாணி. மறைந்தால், "இருக்கு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு ஏறிவிடுகிறாள்.

நேற்று பேரன் ஆசீருக்குப் புதுநன்மை. வலையில் வந்த கட்லாவைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. அதன் நடுத்துண்டை டோரதி தானே எடுத்துக்கொண்டுபோய் மார்ட்டின் இலையில் வைத்தாள்.

"அயிரைதான் அண்ணே, சாப்பிடுங்க."

மார்ட்டின் சிரிக்க ஆரம்பித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.