அண்டாவின் மேல் வயலின்

என் கணவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறார். தகட்டை ஓங்கி அடித்து வெட்டும் மெஷின். காதில் அடைப்பான் வைத்துக்கொள்ளுங்கள் என்றால், "காத அடச்சுகினா டை மழுங்கறது எப்டித் தெரியும்?" என்பார். அங்கே எல்லோருமே அப்படித்தான். வெட்டும் அச்சு மழுங்கினால் சத்தம் மாறும்; அதைக் கேட்டுத்தான் மெஷினை நிறுத்துவார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளானூர் வீட்டு ஹாலில் உட்கார்ந்து நான் வயலின் வாசிப்பேன். எதிரில் அவர் தலையாட்டுவார். முடிந்ததும், "சூப்பரா கீதும்மா." கல்யாணமானதிலிருந்து இதே சொல்தான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

போன வருஷம் ஒரு நாள், மேல் தந்தியில் வாசித்து முடித்து வில்லைத் தூக்கிவிட்டேன். தோள் வலித்ததால் கையைக் காற்றில் ஆட்டிக்கொண்டிருந்தேன். அவர் இன்னும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க கேக்குது உங்களுக்கு?"

மனுஷர் திருதிருவென்று முழித்தார். "கை ஆடறது தெரியுது. கீச்சுனு மேல போற சத்தம் கேக்கறதில்ல. ரொம்ப நாளாவே."

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. இத்தனை வருஷமும் யாருக்கு வாசித்தேன்? சமையலறைக்குப் போய் அழுதேன். காது டாக்டரோ, போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றுங்கள் என்று சொல்லிவிட்டார்.

கீழ்ச் சத்தத்திலாவது அவருக்குக் கேட்கிற மாதிரி ஒன்றை வாசித்தே தீருவதென்று பிடிவாதம் பிடித்தேன். எவர்சில்வர் அண்டாவைக் கவிழ்த்து, வயலின் தலையை அதன்மேல் ஊன்றினேன். அடித்தந்தியில் துணிக் கிளிப்பை மாட்டினால் சத்தம் அமுங்கியது. ஹேர்பின்னைச் செருகினால் பல் கூசியது. கடைசியில் அவருடைய டூல் பாக்ஸிலிருந்து ஒரு வாஷரை எடுத்து, தந்தியைக் கழற்றி, அதில் கோத்து மாட்டினேன். வில் பட்டதும் அண்டா உறுமியது. மிக்ஸி ரிப்பேரா என்று பக்கத்து வீட்டம்மா வந்து விசாரித்துவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிறு அவரை உட்காரவைத்து, உள்ளங்கையை அண்டாவின் மேல் வைக்கச் சொன்னேன். வாசித்தேன். கண்ணை மூடிக்கொண்டார். தலை ஆடவேயில்லை. பாதியில் நிறுத்தச் சொன்னார்.

"இங்க தப்பாப் பூடுச்சு. மொதல்ல வந்தமேரி ரெண்டாந்தபா வர்ல. திரும்ப வாசி."

தப்புதான். விரல் வழுக்கியிருந்தது. என் வாசிப்பில் அவர் கண்டுபிடித்த முதல் தப்பு. சந்தோஷத்தில் மறுபடியும் தப்பாகவே வாசித்தேன்.