பின்சீட்டு ஃபுட்ரெஸ்ட்

இது கட்டுக்கதை இல்லை. நம்பாதவர்கள் எனக்கு பூட்ஸ் தைத்துத் தருபவரைக் கேட்டுக்கொள்ளலாம். உலகத்தில் எல்லோருக்கும் பூட்ஸ் அடியில் தேயும். எனக்கு மேலே தேயும். விரல்களுக்கு மேலே, இரண்டு காலிலும், ஒரே இடத்தில். "தலைகீழா நடக்கிறியா வில்ஃப்?" என்பார் அவர். நானும் சிரித்துவைப்பேன். அதற்கு மேல் அவரிடம் பேசிக்கொள்வதில்லை.

எல்லாம் ஒரு கோழிக்கூண்டில் ஆரம்பித்தது. அதற்குள் மோட்டார் சைக்கிளை விட்டவன் நான்தான்.

1963, நவம்பர். இங்கிலாந்தில், லீட்ஸ் நகருக்குப் போகும் சாலையோரம் ஈனாக்கின் டீக்கடை. வார நாட்களில் லாரிக்காரர்களுக்கு, ஞாயிறு மாலை தோல் ஜாக்கெட் போட்ட எங்கள் கூட்டத்துக்கு. அங்கே ஒரு பந்தயம் உண்டு. ஒருவன் ஜூக்பாக்ஸ் பாட்டுப் பெட்டியில் காசு போடுவான். பாட்டு ஆரம்பித்ததும் வண்டியைக் கிளப்பிப் போய், ரவுண்டானாவைச் சுற்றி, பாட்டு முடிவதற்குள் கடைக்குள் வந்து நிற்க வேண்டும். மூன்று நிமிடம்கூட ஓடாத பாட்டு. ஜெயித்தவனுக்கு ஜன்னலோர மேஜை. தோற்றவனுக்குக் கழிப்பறைக் கதவோரம். இரண்டு வருடமாக நான் கழிப்பறைக் கதவோரம் உட்கார்ந்துதான் பீன்ஸும் ரொட்டியும் தின்றுகொண்டிருந்தேன்.

காசு விழும் சத்தம் கேட்டாலே கடைக்காரர் ஈனாக் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். பாட்டுப் பிடிக்காத மனிதர் என்று நினைத்திருந்தோம்.

எனக்கு அந்த ஜன்னலோர மேஜை வேண்டும். அதற்காகத்தான் பழைய இரும்புக் கடையில் ஒரு பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிளை வாங்கினேன். "இதுக்கு முன்னாடி யாரோடது?" என்று கேட்டேன். "இரும்போடது," என்றான் கடைக்காரன்.

பந்தய வண்டி என்றால் எடை குறைய வேண்டும். மட்கார்டை வெட்டினேன். உயரமான ஹேண்டில்பாரைக் கழற்றிவிட்டு, குனிந்து பிடிக்கும் குட்டை ஹேண்டில் போட்டேன். நீள சீட்டைத் தூக்கிவிட்டு, ஒரே ஆள் உட்காரும் சீட் வைத்தேன். ட்ரில்லை எடுத்து, கண்ணில் பட்ட தகட்டிலெல்லாம் ஓட்டை போட்டேன். என் நண்பன் கிளெம் பார்த்துவிட்டு, "சல்லடை நல்லாருக்குடா, மாவு சலிக்கலாம்," என்றான்.

பின்னால் உட்காருபவர் கால் வைக்க இரண்டு ஃபுட்ரெஸ்ட் இருந்தன. வேறு ஏதோ கனத்த இரும்பு. கைப்பழக்கம் இல்லாதவர் வெல்டிங் செய்ததுபோல் கட்டி கட்டியாக ஒட்டியிருந்தது. ஒரு ஆள் வண்டிக்கு இது எதற்கு? ரம்பத்தை எடுத்து அறுத்தேன். இரண்டாவது கட்டை கீழே விழுந்தபோது, வண்டி ஸ்டாண்டில் நின்றபடியே லேசாக அமுங்கி எழுந்தது. யாரோ ஏறி உட்கார்ந்தால் அமுங்குமே... அப்படி.

டயரில் காற்று இறங்கியிருக்கும் என்று நினைத்தேன். இறங்கவில்லை.

மறுநாள் காலை முதல் ஓட்டம். என் ஃபுட்ரெஸ்ட்டைப் பின்னுக்குத் தள்ளியிருந்ததால் கியர் லீவரைத் திருப்பிப் போட்டிருந்தேன். அதில் எல்லாம் தலைகீழ். குறைக்க மிதித்த கால் இப்போது கூட்டும். இதைச் செய்தவனும் நான்தான், மறந்தவனும் நான்தான். தெருமுனையில் வேகத்தைக் குறைக்க மிதித்தேன். கியர் ஏறியது. பக்கத்து வீட்டு அம்மாவின் கோழிக்கூண்டு எதிரே வந்தது.

தலையெல்லாம் முட்டையோடு எழுந்தேன். பன்னிரண்டு கோழிகள். ஒன்றுகூடக் கத்தவில்லை. கூண்டின் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றுகொண்டு, என்னைப் பார்க்காமல், என் சீட்டுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தன.

சனிக்கிழமை நிலக்கரிக் கிடங்குத் தராசில் வண்டியை ஏற்றினோம். வண்டியை வாங்கிய அன்றும் அதை நிறுத்துக் கொடுத்தவர்தான் அங்கே நிறுப்பவர். முள்ளைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"என்னப்பா, அன்னிக்கு இருந்ததுக்கு ஒரு மூட்டை கூடுதலா காட்டுது?"

"உங்க தராசு கெட்டுப்போச்சு," என்றேன்.

அவர் ஒரு நிலக்கரி மூட்டையைத் தூக்கிப் போட்டார். தராசு சரியாகவே இருந்தது.

"ஓட்டை போட்டு எடை ஏத்தின ஒரே ஆளு நீதான்டா," என்றான் கிளெம். அன்று அவன் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

ஞாயிறு. மணி நான்கைத் தாண்டவில்லை, அதற்குள் இருட்டு. மூடுபனி வேறு. ஈனாக்கின் கடை வாசலில் வண்டியை நிறுத்தினேன். குப்பை கொட்ட வந்த ஈனாக் வண்டியைப் பார்த்தார். சுற்றி வந்தார். குனிந்து, அறுத்த இடத்தை விரலால் தொட்டார்.

"யாரு அறுத்தது?"

"நான்தான் முதலாளி. எடை குறையணும்ல."

என்னை அடிப்பார் என்று நினைத்தேன். கை அந்த உயரத்துக்கு வந்தது.

"எடுத்துட்டுப் போ. இந்த வண்டியோட என் வாசலுக்கு வராத."

"ஏன் முதலாளி?"

குப்பைக் கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். உள்ளே பழைய ஆட்களைப் பார்த்தேன். எல்லோரும் டீக் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள். "கேக்காத. வீட்டுக்குப் போ," என்றான் ஒருவன்.

போயிருக்கலாம். ஆனால் ஜன்னலோர மேஜை காலியாக இருந்தது. கிளெம்மிடம் கண்ணைக் காட்டினேன்.

காசு விழுந்தது. சமையலறைக் கதவு சாத்தும் சத்தம். பாட்டு ஆரம்பித்தது.

ஓடி வந்து வண்டியைத் தள்ளி, குதித்து ஏறிப் பறந்தேன். முதல் அரை மைலுக்கு நான் ராஜா. பனி கிழிந்து வழிவிட்டது. இந்தத் தடவை ஜெயித்துவிடுவேன் என்று நினைத்தேன்.

அப்போதுதான் கேட்டது.

டக்.

பின்சக்கரத்தின் பக்கம். ஏதோ கழன்றுவிட்டது என்று நினைத்தேன்.

டக்... டக்.

இரும்புச் சத்தம் இல்லை. குதிகால் சத்தம். இடது பக்கம் ஒன்று. வலது பக்கம் ஒன்று. அறுத்த இடத்தில் எதையோ தேடுகிற மாதிரி.

வளைவில் நான் இடதுபக்கம் சாய்ந்தேன். என் பின்னால் இருந்த கனம் வலதுபக்கம் சாய்ந்தது.

திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கிற தைரியம் இருந்தால் நான் ஏன் கழிப்பறைக் கதவோரம் உட்கார்ந்திருக்கப் போகிறேன்?

டக். டக். டக். டக்.

வேகமாக. அவசரமாக.

என் கெண்டைக்காலில் ஏதோ உரசியது. ஈரமாக. ஜில்லென்று. கீழே இறங்கியது.

சத்தம் நின்றது.

ரவுண்டானா விளக்கு தெரிந்தது.

கியரைக் குறைக்கக் காலைத் தூக்கினேன்.

கால் வரவில்லை.

இரண்டு காலும்... வரவில்லை.

மேலே யாரோ நின்றார்கள். என் பூட்ஸ் மேல்.

வலது கால் அமுங்கியது. கியர் ஏறியது.

இடது கால் அமுங்கியது. பிரேக். பின்சக்கரம் இறுகியது.

காதுக்குப் பின்னால், ஒரு பெருமூச்சு. அப்பாடா என்பதுபோல.

பிறகு வானம், புல், வானம்.

கிளெம்மும் இன்னொருவனும் ஈனாக்கின் வேனை எடுத்துக்கொண்டு வந்தார்கள். வண்டி பள்ளத்தில் இரண்டாக மடிந்து கிடந்தது. எனக்கு ஒரு விலா எலும்பு போயிருந்தது. ஆளுக்கொரு பக்கம் என்னைத் தூக்கினார்கள்.

"என்னடா இது," என்று மூச்சுவாங்கினான் கிளெம். "எலும்புக்கூடு மாதிரி இருந்துக்கிட்டு நிலக்கரி மூட்டை கனம் கனக்கிற."

நான் என் பூட்ஸைப் பார்த்தேன்.

சமையலறையில் ஈனாக் என்னை நாற்காலியில் உட்கார வைத்தார். மற்றவர்களை வெளியே அனுப்பினார். பூட்ஸைக் கழற்றக் குனிந்தவர், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பூட்ஸ் தோலில், விரல்களுக்கு மேலே, இரண்டு காலிலும் ஒரு பள்ளம். சின்னதாக, வட்டமாக. பெண்கள் ஷூவின் குதி அளவு.

"முதலாளி, மறைக்காம சொல்லுங்க. யாரு?"

அவர் அந்தப் பள்ளத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

"என் மக. மேவிஸ். பத்தொம்பது வயசு. அந்த வண்டி அவ பழகின பையனோடது. எடை குறைக்கணும்னு அவனும் பின்னாடி ஃபுட்ரெஸ்ட்ட அறுத்துட்டான். ஒரு பாட்டு நேரம்தானப்பா, கால தூக்கிப் பிடிச்சுக்கறேன்னு ஏறினா. ரவுண்டானாகிட்ட கால் வலிச்சிருக்கும். தொங்க விட்டிருக்கா... சக்கரம் இழுத்துக்கிச்சு. பையன் பொழைச்சுக்கிட்டான். ஊர விட்டே போயிட்டான்."

"அந்த ஃபுட்ரெஸ்ட்ட வெல்டிங் பண்ணது?"

"நான்தான். எனக்கு வெல்டிங் தெரியாது. வண்டிய இங்க பின்னாடி கொட்டகையில போட்டிருந்தேன். ராத்திரியெல்லாம் டக் டக்னு தேடிட்டே இருப்பா. கால் வைக்க இடம் குடுத்தேன். அன்னிக்கே அமைதியாயிட்டா. அப்புறம்தான் இரும்புக் கடைக்குப் போட்டேன். அந்த ஜூக்பாக்ஸும் அவ கேட்டு வாங்கினதுதான். அத மட்டும் தூக்கிப் போட மனசு வரல."

வெளியே பாட்டு எப்போதோ நின்றுபோயிருந்தது. கெட்டில் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது.

"வண்டி உடைஞ்சு பள்ளத்துல கிடக்கு முதலாளி," என்றேன். "அப்போ அவ இப்ப எங்க?"

ஈனாக் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

"கால் வைக்க இடம் கிடைச்ச இடத்துல."

நான் காலை நகர்த்தவில்லை.